ஈறில் ரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்தாதீர்கள்

பல் துலக்கித் துப்பும்போது நுரையில் சிவப்பு தெரிகிறது. முதலில் பிரஷ்ஷின் மேல் பழி விழும். அடுத்து உடம்புச் சூட்டின் மேல். வைட்டமின் சி குறைவு, நெல்லிக்காய் சாப்பிடு என்று சொல்லவும் வீட்டில் ஒருவர் இருப்பார். நெல்லிக்காய் சாப்பிடுவதில் தவறே இல்லை. அதற்கடுத்து நாம் செய்வதுதான் தவறு. ரத்தம் வரும் பக்கம் புண்ணாக இருக்கிறது, ஆறட்டும் என்று பிரஷ் படாமல் விட்டுவிடுகிறோம். நான்கைந்து நாளில் அந்த இடம் இன்னும் வீங்கி, தொட்டாலே கசிய ஆரம்பிக்கிறது.

ரத்தத் தட்டணுக்கள் குறைந்தாலும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலும் ஈறு கசியலாம். உண்மையான வைட்டமின் சி பற்றாக்குறையிலும் கசியும். ஆனால் பெரும்பாலான வாய்களில் காரணம் வேறு: பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் நாள்கணக்காகக் கலைபடாமல் கிடக்கும் பாக்டீரியாப் படலம். பல் மருத்துவர்கள் பிளேக் என்பார்கள். இந்நூலில் பற்படலம் என்றே சொல்வோம். அது எப்படி உருவாகிறது என்று புரிந்துகொண்டால், எங்கே, எப்படி, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை துலக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

பல்லில் ஒட்டும் அந்த மாவு

காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லின் அடிப்பகுதியைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக, லேசாகப் பஞ்சு படிந்ததுபோல் இருக்கும். நகத்தால் சுரண்டினால் வெண்மஞ்சள் மாவு வரும். இரவு சாப்பிட்டதன் மிச்சம் என்றே பலரும் நினைக்கிறார்கள். சாப்பிட்டதும் நன்றாக வாய் கொப்பளித்தால் போதும் என்ற நம்பிக்கையும் அதிலிருந்துதான் வருகிறது. சோற்றுத் துணுக்கு கொப்பளித்தால் போய்விடும். இந்த மாவு போகாது. இதன் ஒரு மில்லிகிராமில் சுமார் 10 கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன.

பல்லை எவ்வளவு பளபளப்பாகத் தேய்த்தாலும் சில நிமிடங்களுக்குள் உமிழ்நீரிலுள்ள புரதங்கள் அதன்மேல் மெல்லிய பூச்சாகப் படிந்துவிடும். இந்தப் பூச்சு நமக்கு நல்லதுதான். எனாமலுக்கு வழுவழுப்பைத் தருகிறது, அமிலம் நேரடியாகப் படாமல் ஓரளவு காக்கிறது. ஆனால் பாக்டீரியாவுக்கு முதல் பிடிமானமும் இதுவே. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாங்குவினிஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஓராலிஸ், ஆக்டினோமைசிஸ் போன்ற இனங்கள் இந்தப் புரதங்களைப் பற்றிக்கொள்ளும் அமைப்புகளைத் தம் மேற்பரப்பில் வைத்திருக்கின்றன. சில மணி நேரத்திலேயே இவை வந்து ஒட்டிப் பெருகுகின்றன. இவற்றால் ஈறுக்குப் பெரிய கெடுதி இல்லை. ஆரோக்கியமான வாயிலும் இவை இருக்கும், இருக்கவும் வேண்டும்.

சிக்கல் அடுத்தடுத்து வருபவர்களால். ஒட்டிய பாக்டீரியாக்கள் தம்மைச் சுற்றிப் பசைபோன்ற சர்க்கரைச் சங்கிலிகளைச் சுரக்கின்றன. நாம் காபியிலும் பிஸ்கட்டிலும் சேர்த்துக்கொள்ளும் வெள்ளைச் சர்க்கரைதான் இதற்கு மிக வாகான கச்சாப்பொருள். பசை தடிக்கத் தடிக்க, அடியில் இருப்பவற்றுக்கு ஆக்சிஜன் போய்ச்சேர்வது குறைகிறது. ஆக்சிஜன் இருந்தால் பிழைக்க முடியாத இனங்களுக்கு அப்போது இடம் கிடைக்கிறது. இந்த மாற்றத்தில் நடுவில் நின்று இணைப்பது ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்ற நீண்ட கோல்வடிவ பாக்டீரியா. முதலில் வந்தவற்றோடும் ஒட்டும், பின்னால் வருபவற்றோடும் ஒட்டும். அதன் தோளைப் பிடித்துக்கொண்டு வருபவைதான் ஈறைக் கெடுப்பவை: போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், டானெரெல்லா ஃபோர்சித்தியா, சுருள்வடிவ ட்ரெபோனிமா டென்டிகோலா. இம்மூன்றும் ஆழமான ஈறு நோயில் சேர்ந்தே காணப்படுவதை அமெரிக்க ஆய்வாளர் சிக்மண்ட் சொக்ரான்ஸ்கியின் குழு 1998இல் காட்டியது. இவற்றுக்குச் 'சிவப்புக் கூட்டம்' என்று அக்குழு பெயரிட்டது.

இந்த வரிசை முழுமையாக நிறைவேற நாள்கள் பிடிக்கும். நமக்குள்ள நல்வாய்ப்பே அதுதான். ஒரு நாளைக்கு ஒருமுறையாவது படலத்தை முழுமையாகக் கலைத்துவிட்டால், மறுநாளும் அது முதல் கட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். சிவப்புக் கூட்டம் வந்து உட்கார நேரமே கிடைக்காது.

கலைப்பது என்றால் தேய்த்துக் கலைப்பது. தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் வழுக்கும் பாசியை எண்ணிப் பாருங்கள். எத்தனை குடம் ஊற்றினாலும் அசையாது, தேங்காய் நார் போட்டுத் தேய்த்தால்தான் வரும். பற்படலமும் அந்த ஜாதிதான். இதை முதலில் கண்டவர் ஒரு துணி வியாபாரி. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரைச் சேர்ந்த ஆன்டனி வான் லேவன்ஹூக், 1683 செப்டம்பரில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில், தன் பல்லிடுக்கில் இருந்த வெள்ளை மாவைத் தானே செய்த நுண்ணோக்கியில் வைத்தபோது சின்னஞ்சிறு உயிர்கள் துள்ளித் திரிந்ததை விவரித்தார். அவர் தினமும் உப்பால் பல் தேய்ப்பவர். அப்படியும் இடுக்கில் படலம் இருந்தது. காட்டமான வினிகரால் வாய் கொப்பளித்தும் பார்த்தார். மாவின் உள்ளே இருந்தவை சாகவில்லை. வினிகர் உள்ளே ஊடுருவவில்லை என்று சரியாகவே ஊகித்தார். விளம்பரத்தில் வரும் வாய்க்கழுவியைப் பார்க்கும்போதெல்லாம் இந்த வினிகரை நினைத்துக்கொள்வது நல்லது.

ஈறு ஏன் சிவக்கிறது

பாக்டீரியா ஈறைக் கடித்துத் தின்பதில்லை. படலத்திலிருந்து கசியும் நச்சுப்பொருள்களை உடல் உணர்ந்து, அந்த இடத்துக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டி வெள்ளணுக்களை அனுப்புகிறது. ஈறு சிவப்பதும் வீங்குவதும் அதனால்தான். விரிந்த நுண்குழாய்களின் மேலிருக்கும் மெல்லிய தோல் பிரஷ் பட்டதும் கிழிகிறது. பிரஷ் கிழித்ததாக நமக்குத் தெரிகிறது. உண்மையில் அந்தத் தோல் அதற்கு முன்பே நைந்துபோயிருந்தது. இந்த நிலைக்கு ஈறழற்சி என்று பெயர்.

இதை ஐயமின்றி நிறுவிய ஆய்வு 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் நடந்தது. ஹரால்ட் லோ என்ற நார்வேக்காரரும் அவருடைய குழுவினரும், ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை முற்றிலும் நிறுத்தச் சொன்னார்கள். பலரும் பல் மருத்துவ மாணவர்கள். 10 முதல் 21 நாள்களுக்குள் எல்லோருக்கும் ஈறழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் எல்லோருக்கும் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. மருந்து இல்லை, ஊசி இல்லை.

இந்த அத்தியாயத்தில் நீங்கள் எதை மறந்தாலும் அந்த ஒரு வாரத்தை மறக்க வேண்டாம். ரத்தம் வரும் இடத்தை மென்மையான பிரஷ்ஷால், ஆனால் தவறாமல், நாளுக்கு இருமுறை துலக்குங்கள். முதல் இரண்டு மூன்று நாள் ரத்தம் கொஞ்சம் கூடுதலாகக்கூட வரலாம். பிறகு குறையும். ஈறழற்சி மட்டும்தான் என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் நின்றுவிடும்.

அடுத்த கட்டம்: எலும்பு இறங்குவது

ஈறழற்சி பழைய நிலைக்குத் திரும்பக்கூடியது. அடுத்தது அப்படியல்ல. ஆரோக்கியமான ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு சிறு பள்ளம் இருக்கும். அழற்சி நீடித்தால் ஈறு பல்லை விட்டுப் பிரிந்து, பள்ளம் 4, 5, 6 மில்லிமீட்டர் என்று ஆழமாகிறது. இதைத்தான் டாக்டர்கள் 'பாக்கெட்' என்கிறார்கள். அதன் அடிக்கு எந்த பிரஷ்ஷும் எட்டாது. ஆக்சிஜன் இல்லாத, கசிவு நிறைந்த அந்த இடம் சிவப்புக் கூட்டத்துக்குச் சொர்க்கம். போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் வளர இரும்புச்சத்து தேவை. கசியும் ரத்தத்திலிருந்தே அதை எடுத்துக்கொள்கிறது. ஆக, ஈறு கசியக் கசிய அதற்குத் தீனி கிடைக்கிறது.

பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைப்பது பெரும்பாலும் நம் உடலே. ஓயாத அழற்சியில் சுரக்கும் பொருள்கள், எலும்பை அரிக்கும் அணுக்களைத் தூண்டிவிடுகின்றன. தொற்று நெருங்க நெருங்க எலும்பு பின்வாங்குகிறது. அப்படிக் கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வளராது. சில வகைக் குழிகளில் மட்டும் அறுவை சிகிச்சையால் ஓரளவு மீட்கலாம். பல் நீண்டுவிட்டதுபோல் தெரிவது, முன்பற்கள் விலகி இடைவெளி விடுவது, கடிக்கும்போது பல் அசைவது, வாய் நாற்றம், ஈறை அழுத்தினால் சீழ் வருவது எல்லாம் இந்தக் கட்டத்தின் அறிகுறிகள். வலி மட்டும் பெரும்பாலும் இருக்காது. ஆகவேதான் பலர் பல் ஆடிய பிறகே வருகிறார்கள்.

படலம் உள்ள எல்லோருக்கும் இது ஒரே வேகத்தில் வருமா? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த இடம் இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள். அதே லோவின் குழு, 1970 முதல் 1985 வரை இரண்டு தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளர்களின் ஈறுகளைத் தொடர்ந்து பரிசோதித்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைப்பவர்கள் பெரும்பாலும் மலையகத் தமிழர்கள். பிரஷ், பேஸ்ட் பழக்கமும் பல் மருத்துவ வசதியும் இல்லாத அம்மக்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஈறழற்சி இருந்தது. சொத்தைப் பல் அநேகமாக இல்லை. விழுந்த பற்களெல்லாம் ஈறு நோயால் விழுந்தவை. முடிவு இப்படி: சுமார் 8 சதவீதத்தினருக்கு நோய் விரைவாக முற்றியது, 81 சதவீதத்தினருக்கு மிதமாக, 11 சதவீதத்தினருக்கு ஈறழற்சியைத் தாண்டவே இல்லை. பல் மருத்துவ உலகில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு இது. நோய் வளர்வதைப் பதினைந்து ஆண்டு பார்த்துக்கொண்டே இருந்ததை நினைத்தால், அந்த எண்களை மனம் உறுத்தாமல் படிக்க முடிவதில்லை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது: எங்கள் தாத்தா பிரஷ்ஷே தொட்டதில்லை, எண்பது வயதிலும் கரும்பு கடித்தார் என்று சொல்லப்படும் தாத்தா உண்மையிலேயே இருந்திருக்கலாம். அவர் அந்த 11 சதவீதம். நீங்கள் எந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள் என்பது முன்கூட்டியே தெரியாது.

எப்படித் துலக்குவது

பல் துலக்குவது என்று பெயர் இருந்தாலும் துலக்க வேண்டியது பல்லும் ஈறும் சேரும் கோட்டை. நம்மில் பெரும்பாலோர் பல்லின் நடுவயிற்றை, அதுவும் சிரித்தால் தெரியும் பக்கத்தை மட்டும், குறுக்காக ஓங்கித் தேய்க்கிறோம். படலம் அங்கே குறைவு.

மென்மையான இழை கொண்ட சின்னத் தலை பிரஷ் வாங்குங்கள். இழைகள் ஈறை நோக்கி 45 பாகை சாய்ந்திருக்கும்படி, பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படுமாறு வையுங்கள். அழுத்தாமல், இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் மிகச் சிறிதாக அசையுங்கள். பிறகு கடிக்கும் முனையை நோக்கி இழுத்துவிடுங்கள். இரண்டு மூன்று பற்கள் முடிந்ததும் அடுத்த இடம். வெளிப்பக்கம் முழுக்க முடித்துவிட்டு உட்பக்கம். கீழ் முன்பற்களின் உட்பக்கத்துக்கு பிரஷ்ஷை நெட்டுக்குத்தாகப் பிடிக்க வேண்டும். கடைவாய்ப் பல்லின் பின்புறத்தை யாரும் தொடுவதில்லை, தொடுங்கள். இத்தனைக்கும் இரண்டு நிமிடம் ஆகும். கடிகாரம் பார்த்தால்தான் அது எவ்வளவு நீளமான நேரம் என்று தெரியும். பேஸ்ட் பட்டாணி அளவு போதும். ஃப்ளோரைடு உள்ளதாக இருக்கட்டும், அது சொத்தைக்கு எதிரான காப்பு. இழைகள் விரிந்ததும், அல்லது மூன்று மாதத்துக்கொருமுறை, பிரஷ்ஷை மாற்றுங்கள்.

இருமுறையில் எது முக்கியம்? இரவு. காலையில் பல் துலக்காமல் காபியைத் தொடாத நம் வீடுகளில் இரவுத் துலக்கலுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடும். படலத்துக்கு அந்த ஏழெட்டு மணி நேரம் தடையில்லாத நேரம். ஒரே வேளைதான் முடியும் என்று அடம்பிடிப்பவர்களிடம், அந்த ஒரு வேளையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வையுங்கள் என்றுதான் சொல்வேன்.

பிரஷ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இரண்டு பல்லுக்கு நடுவே நுழையாது. ஈறு நோய் பெரும்பாலும் தொடங்குவதோ அங்கேதான். இடுக்கு நெருக்கமாக இருந்தால் பல்லிடை நூல், அதாவது ஃப்ளாஸ். கொஞ்சம் விலகியிருந்தால் இடுக்கு பிரஷ். இரண்டும் மருந்துக்கடையில் கிடைக்கும். எந்த அளவு பொருந்தும் என்று பல் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டு, கண்ணாடி முன் செய்து பழகுங்கள். குண்டூசி, ஊக்கு, தீக்குச்சி, நெருப்புப் பெட்டியின் ஓரம் இவற்றுக்கெல்லாம் இன்றோடு ஓய்வு கொடுங்கள்.

ஒழுங்காகத் துலக்குகிறோமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. சமையலுக்கான சிவப்பு நிறச்சாயத்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் கலந்து, துலக்கி முடித்த பற்களில் பஞ்சால் தடவி, ஒருமுறை கொப்பளித்துவிட்டுக் கண்ணாடியைப் பாருங்கள். படலம் மிஞ்சிய இடங்களில் சாயம் தங்கி நிற்கும். பிள்ளைகளுக்கு நூறு முறை சொல்வதைவிட இது வேலை செய்கிறது. பெரியவர்களுக்கும்தான்.

கரி, குச்சி, எண்ணெய், மாத்திரை

ஆலங்குச்சியையோ வேப்பங்குச்சியையோ நுனி மென்று நாராக்கிப் பொறுமையாகத் தேய்ப்பவர்கள் வெளிப்பக்கப் படலத்தை நன்றாகவே எடுத்துவிடுகிறார்கள். உட்பக்கமும் இடுக்கும் அதற்கு எட்டுவதில்லை. உமிக்கரி, செங்கல் பொடி, கரித்தூள் பற்றி எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை: வேண்டாம். உமிச்சாம்பலில் இருப்பது சிலிக்கா. விரலால் தினமும் தேய்த்தால் ஈறு இறங்கிய இடத்தில் வேர் அரைபட்டுக் கூச்சம் வரும். எண்ணெய் கொப்பளிப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் அதைச் செய்துவிட்டு பிரஷ்ஷை விடுவது லேவன்ஹூக்கின் வினிகர் கதைதான்.

வாய்க்கழுவிகளில் குளோர்ஹெக்சிடின் உண்மையிலேயே வேலை செய்யும் மருந்து. ஆனால் அது ஏற்கெனவே தடித்த படலத்தைக் கரைப்பதில்லை. சுத்தமான பல்லில் புதிதாகப் படியாமல் தடுக்கும். நீண்ட நாள் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் சுவை மாறும். டாக்டர் சொன்ன நாள்களுக்கு மட்டும், பேஸ்ட் போட்டுத் துலக்கி அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். மெடிக்கலில் போய் ஈறு வீக்கத்துக்கு இரண்டு மாத்திரை கேட்டு வாங்கும் பழக்கம் இதைவிட மோசம். பசைக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாடிக் சரியாகப் போய்ச்சேராது. வீக்கம் வடியும், நோய் அப்படியே இருக்கும், அடுத்த முறை மருந்து கேட்காமலும் போகலாம்.

காரை எடுத்தால் பல் ஆடுமா?

கலைக்காமல் விட்ட படலத்தில் உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து கல்லாக இறுகுகின்றன. அதுதான் பற்காரை. உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய் திறக்கும் இடங்களான கீழ் முன்பற்களின் உட்பக்கத்திலும், மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்திலும் அது முதலில் சேரும். ஒருமுறை இறுகிவிட்டால் பிரஷ்ஷால் எடுக்க முடியாது. எடுக்க முயலவும் வேண்டாம். காரையின் சொரசொரப்பில் புதுப் படலம் மிக எளிதாக ஒட்டும் என்பதால் அதை அகற்றுவது அவசியம்.

'ஸ்கேலிங்' அல்லது பல் கிளீனிங் என்றதும் வரும் பயம் தெரிந்ததே: எனாமல் போய்விடும், பல் ஆடும், இடைவெளி விழும். அதிர்வுக் கருவியைச் சரியாகக் கையாண்டால் எனாமலுக்குச் சேதமில்லை. பல் ஆடுவது எலும்பு ஏற்கெனவே இறங்கியிருந்ததால். அதுவரை காரை பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டிவைத்திருந்தது. இடைவெளியும் அப்படித்தான், காரை அடைத்திருந்த இடம் வெறுமையாகத் தெரிகிறது, வீக்கம் வடிந்து ஈறும் சுருங்குகிறது. சில நாள் கூச்சம் இருக்கும், போய்விடும். பாக்கெட் ஆழமாக இருந்தால் ஈறுக்கு அடியிலும் வேரைச் சுத்தம் செய்வார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பார்ப்பார்கள். பலர் அந்த மறுசோதனைக்குப் போவதில்லை, போங்கள்.

கூடுதல் கவனம் வேண்டியவர்கள்

சர்க்கரை நோய் ஈறு நோயை முற்றச் செய்யும்; ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுக்குள் வராமல் செய்யும். ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று நான்கு மாதங்களில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு சுமார் 0.4 சதவீதப் புள்ளி குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சர்க்கரை நோயாளிகள் கண்ணையும் காலையும் காட்டுவதுபோல ஈறையும் ஆண்டுதோறும் காட்ட வேண்டும்.

புகைப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நிகோடின் ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் நோய் முற்றினாலும் ரத்தம் வராமலிருக்கலாம். உங்கள் ஈறில் கசிவு இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் கொஞ்சம் படலத்துக்கே ஈறு அதிகமாக வீங்கும். அப்போது பல் மருத்துவரிடம் போகக் கூடாது என்பது தவறு. கர்ப்பத்தைச் சொல்லிவிட்டுப் போகலாம். வலிப்புக்குத் தரும் ஃபெனிடோய்ன், ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், நிஃபெடிபின் ஆகியவை சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்; எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

இரண்டு வாரம் ஒழுங்காகத் துலக்கியும் ரத்தம் நிற்கவில்லையா, பல் அசைகிறதா, ஈறில் சீழ் தெரிகிறதா, பல் மருத்துவரிடம் போய் "பாக்கெட் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது, அளந்து சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது அது கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பதைப் பார்த்தே சிகிச்சை சரியாகப் போகிறதா என்று சொல்ல முடியும்.